ஒளிரும் எண்கள்

கீழ்பென்னாத்தூரில், திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி நோக்கிச் செல்லும் சாலையோரத்திலே, கண்ணாடிப் பெட்டி ஒன்றை முன்னே வைத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணில் உருப்பெருக்கியைப் பொருத்தியபடி கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம், இளைஞர் ஒருவர் தம் பாட்டனாரின் கைக்கடிகாரத்தைக் கொணர்ந்து நீட்டினார். இரண்டாம் உலகப்போரின்போது பட்டாளம் சென்று திரும்பிய பாட்டனார் கையிலே கட்டிவந்த கடிகாரம். கருநிற முகம், அதன்மீது, ஒருகாலத்தில் பச்சையாக இருந்து இன்று பழுப்பேறிவிட்ட எண்கள். சாவி கொடுத்தால் ஐந்து நிமிடம் ஓடும், பிறகு நின்றுவிடும்.

"கல்பாக்கத்துக் காற்றுப் பட்டிருக்கும். அணுக்கதிர் பட்டால் கடிகாரம் ஓடாது. ஜப்பானிலே குண்டு விழுந்தபோது எல்லாக் கடிகாரமும் நின்றுபோனதைப் படத்திலே பார்த்ததில்லையா?" என்றார், பேருந்துக்காக என் அருகே நின்றிருந்தவர். இன்னொருவர், "வீட்டிலே யாருக்கோ சனி நடக்கிறது" என்றார். பெரியவர் இருவருக்கும் பதில் கூறவில்லை. பின்மூடியைத் திறந்தார், உள்ளே பார்த்தார், "ஆயில் காய்ந்து பிசினாகிக் கிடக்கிறது. கழுவிப் போட்டால் ஓடும்" என்றார். அவ்வளவே.

சனியைப்பற்றிப் பேசி நேரத்தைச் செலவிட நான் விரும்பவில்லை. அந்த வழக்கிலே வாதாடி அலுத்தவர் பலர். ஆனால் முதலாமவர் கூறியது அப்படி ஒதுக்கத் தக்கதன்று. அதிலே அணு இருக்கிறது, ஆலை இருக்கிறது, வரலாற்று நிகழ்ச்சி இருக்கிறது, படமும் இருக்கிறது! அறிவியலின் ஆடையை உடுத்திக்கொண்டு வருகிற கூற்று அது. பழைய பொய்யைக் கண்டு சிரிக்கக் கற்றுக்கொண்ட நாம், புதிய ஆடை உடுத்திய பொய்யைக் கண்டால் எழுந்து நின்று இருக்கை கொடுத்துவிடுகிறோம். ஆகவே கேட்டுத்தான் பார்ப்போம்: அணுக்கதிர் கடிகாரத்தை நிறுத்துமா?

கைக்கடிகாரம் என்பது யாது? சுருட்டிவைத்த எஃகு வில் ஒன்று. அது விரியும் விசையைப் பங்கிட்டுக் கொடுக்கும் பற்சக்கரங்கள் சில. மயிரிழைபோன்ற மற்றொரு வில்லின் பிடியிலே இப்படியும் அப்படியும் ஆடும் சமநிலைச் சக்கரம் ஒன்று. அச்சுகள் தேயாதிருக்கச் செயற்கை மாணிக்கக் கற்கள். ஊசிமுனை அளவு எண்ணெய். மின்கலம் இல்லை, மின்னணுச் சில்லு இல்லை. பழைய கடிகாரங்களிலே அந்தச் சக்கரம் நொடிக்கு ஐந்து முறை 'டிக்' என்னும். ஒரு மணி நேரத்திற்குப் பதினெட்டாயிரம் முறை.

கதிர் இவற்றை என்ன செய்யும்? காமாக் கதிர் எஃகின் வழியே செல்லும்; செல்லும் வழியிலே அணுக்களின் எலெக்ட்ரான்களைத் தட்டிவிடும். உயிருள்ள உடலிலே அது பேரிழப்பு. ஏனெனில், உயிரணுவின் உள்ளே நுண்ணிய சங்கிலிகளாகப் பின்னப்பட்டிருக்கும் மூலக்கூறுகள் அறுபட்டால் உயிரணு மடியும், அல்லது தடம்புரளும். எஃகிலோ, தட்டப்பட்ட எலெக்ட்ரானுக்குப் பதிலாக வேறொன்று வந்து நின்றுகொள்ளும். வில் வில்லாகவே இருக்கும். நான்கு, ஐந்து கிரே அளவுக் கதிர் உடல் முழுதும் பாய்ந்தால், மருத்துவம் கிட்டாத மனிதரில் பாதிப்பேர் மடிவர். கடிகாரத்தின் எண்ணெய் கெட்டியாகத் தொடங்கவேண்டுமாயின் அதைப்போல் பல்லாயிரம் மடங்கு வேண்டும். கண்ணாடி நிறம் மாறும், மாணிக்கக்கல் சாயல் மாறும். மாறட்டும், அதனால் முள் நிற்பதில்லை. நியூட்ரான் மழையில் ஆண்டுக்கணக்கில் நனைந்தால் எஃகு நொறுங்கும் தன்மை பெறும் என்பது உண்மை. ஆனால் அது அணுஉலையின் வயிற்றுக்குள்ளே நிகழ்வது. அங்கே கடிகாரம் கட்டிக்கொண்டு நிற்பவர் எவருமில்லை.

கல்பாக்கத்தில் முதல் மின்உலை இயங்கத் தொடங்கியது 1983-இல். கீழ்பென்னாத்தூர் அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். பெட்டிக்குள் துணிசுற்றி வைத்த கடிகாரத்தை நிறுத்துமளவுக்குக் கதிர் அங்கிருந்து இங்கு வந்திருக்குமானால், அதைப்பற்றிப் பேசிக்கொண்டிருக்க நாங்கள் மூவரும் உயிரோடு இருந்திருக்கமாட்டோம்! சாலையோரத்து வேம்பும் இருந்திராது.

அப்படியாயின் ஜப்பானியக் கடிகாரங்கள்? நின்றன, பொய்யில்லை. 1945 ஆகஸ்டு 6, காலை 8 மணி 15 நிமிடம். அந்த நேரத்தைக் காட்டி நின்றுபோன கடிகாரங்களை இரோசிமா நினைவுக் காட்சிச்சாலையிலே இன்றும் காணலாம். மூன்று நாள் கழித்து நாகசாகியிலே 11 மணி 2 நிமிடத்தில் நின்றவையும் உள்ளன. அவற்றை நிறுத்தியது எது என்பதன்றோ கேள்வி? குண்டு வெடித்தது தரைக்குச் சுமார் அறுநூறு மீட்டர் உயரத்தில். வெடித்த கணத்திலேயே காமாக் கதிர் ஒளியின் வேகத்தில் நகரைக் கடந்துவிட்டது. அழுத்த அலையோ அவ்வளவு விரைவில் செல்ல இயலாதது. ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் நின்றவனிடம் வந்துசேரச் சில நொடிகள் ஆயின. அந்தச் சில நொடிகளிலே, கதிர் முழுவதையும் ஏற்றுக்கொண்ட பிறகும், அவன் கைக்கடிகாரம் நொடிக்கு ஐந்தாக எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கும். அதன்பின் வந்தது மலை இடிந்ததுபோன்ற அடி. அதோடு சேர்ந்தது, எண்ணையே முகத்தில் பொறித்துவிடும் வெப்பமும் தீயும். அச்சு முறிந்தது, முள் நின்றது. கதிர் கொன்றது கடிகாரத்தையன்று, அதைக் கட்டியிருந்தவனை. அதையும் அன்றே செய்யவில்லை. நாள் கணக்கிலும், கிழமைக் கணக்கிலும், இரத்தப் புற்றாகி ஆண்டுக் கணக்கிலும் செய்தது.

கடிகாரம் கதிருக்குப் பலியாகவில்லை, சான்றாளியாக நின்றதுண்டு. 1961 சனவரி 3-ஆம் நாள், அமெரிக்காவின் ஐடகோ மாநிலத்தில் எஸ்.எல்.-1 என்னும் சிறிய இராணுவ அணுஉலை வெடித்து மூவர் மாண்டனர். அணுப்பிளவு கட்டுமீறியதா, அன்றி வேறு வெடிப்பா என்பதை ஐயமறக் கூறவேண்டியிருந்தது. மாண்டவர் ஒருவரது கைக்கடிகாரப் பட்டையின் பொன்கொளுவியை ஆராய்ந்தனர். அதிலே பொன்-198 இருந்தது. நியூட்ரான் தாக்கினாலன்றிப் பொன் அவ்வடிவம் கொள்ளாது. மற்றொன்று, சிகரெட்டுப் பற்றவைக்கும் கருவியின் செம்புத் திருகாணி. இவ்விரு சிறு பொருள்களும் கூறிய சாட்சியத்தை மறுக்க எவராலும் இயலவில்லை.

இவ்வளவும் எண்ணிக்கொண்டு நான் நின்றபோது, இளைஞர் பெரியவரிடம் வேறொன்று கேட்டார்: "இந்த எண்கள் பொடிப்பொடியாக உதிர்கின்றன. சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வெள்ளை அடித்துத் தர முடியுமா?" முடியும் என்று தலையசைத்த பெரியவர், டயலைக் கழற்றி, சவரத் தகட்டின் முனையால் '12'-ஐ மெல்லக் கீறி, குனிந்து வாயால் ஊதப் போனார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இங்கே கதிர் உண்டு. கல்பாக்கத்திலன்று, அந்தக் கடிகாரத்துக்குள்ளே.

அந்தப் பச்சை எண்களின் கதையைச் சொல்லவேண்டுமானால், பாரிசிலே தொடங்கி, நமது குமரிக் கரைக்கு வந்து, அமெரிக்கா சென்று மீளவேண்டும்.

1898-இல் மேரி கியூரியும் பியேர் கியூரியும் ரேடியத்தைக் கண்டனர். இருட்டிலே தானே ஒளிரும் பொருள்! கண்டவர்கள் அறிவியலாளர், கைப்பற்றியவர்கள் வணிகர். ரேடியம் கலந்த குடிநீர், ரேடியம் கலந்த முகப்பூச்சு, ரேடியம் கலந்த சத்து மருந்து. முதுமையைப் போக்கும், மூட்டுவலியை நீக்கும், இழந்த வீரியத்தை மீட்கும் என்றெல்லாம் விளம்பரம். தீர்த்தம் என்ற சொல் ஒன்றுதான் இல்லை. மற்றவை யாவும் இருந்தன. படித்த நாடு, பள்ளிகள் மலிந்த நாடு, ஆயினும் வாங்கிக் குடித்தது. ஈபன் பையர்சு என்னும் அமெரிக்கச் செல்வர் அந்த நீரைப் புட்டி புட்டியாகப் பருகி, தாடை எலும்பு சிதைந்து 1932-இல் மாண்டார். அவர் செல்வர் ஆதலால் நாடே திடுக்கிட்டது. அவருக்கு முன்னே செத்தவர்கள் செல்வரல்லர்; அவர்களிடம் வருகிறேன்.

ரேடியத்தைத் துத்தநாகச் சல்பைடோடு குழைத்தால் அந்தக் கலவை இரவெல்லாம் பச்சையாக ஒளிரும். முதல் உலகப்போர் மூண்டது. பதுங்குகுழியிலே தீக்குச்சி கொளுத்தினால் எதிரியின் குண்டு வரும். ஆகவே இருளிலும் மணிகாட்டும் கடிகாரம் படைவீரனுக்குத் தேவைப்பட்டது. ஆனால் ரேடியமோ பொன்னைவிடப் பன்மடங்கு விலை! விலை குறைந்த மாற்று ஒன்று வேண்டும். அந்த மாற்றுக்குப் பெயர் மெசோதோரியம். 1907-இல் ஆட்டோ ஹான் என்னும் செருமானிய வேதியியலார் கண்டது. ரேடியத்தின் உடன்பிறப்பு என்றே கூறலாம். தோரியம் உள்ள இடத்தில் அது இருக்கும். தோரியமோ மோனசைட் மணலில் இருக்கும். உலகச் சந்தைக்கு மோனசைட் வந்த பெருவழிகள் இரண்டு: ஒன்று பிரேசில், மற்றொன்று திருவிதாங்கூர்.

திருவிதாங்கூர்க் கரை என்றால் எது? மணவாளக்குறிச்சி! 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்த குமரி மாவட்டத்துக் கடற்கரை. அங்கிருந்தும் அதன் வடக்கேயிருந்தும் ஏற்றுமதியான கயிற்றிலே ஒட்டிச்சென்ற மணலைக் கண்டு, 1909-இல் ஷோம்பெர்க் என்னும் செருமானியர் தேடிவந்தார். எவரும் விலைமதியாத கருமணலில் மோனசைட் மின்னுவதை அவர் கண்டார். மணவாளக்குறிச்சியிலே பிரித்தெடுக்கும் ஆலை எழுந்தது. போர் வந்ததும் அது ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. வலைவீசிய மீனவனுக்குத் தன் காலடியில் கிடப்பது என்னவென்று எவரும் கூறினாரில்லை. மணலுக்கு விலை பேசியவர்கள் இலண்டனிலும் பெர்லினிலும் அமர்ந்திருந்தனர். 1950-இல் அரசு தன் பொறுப்பில் அரிய மண் நிறுவனத்தை அமைக்கும் வரையில், மூட்டை மூட்டையாக மணல் கப்பலேறியது.

அந்த மணல் எதற்குப் போயிற்று? முதன்மையாக விளக்குக்கு. அவுர் ஃபான் வெல்ஸ்பாக் என்னும் ஆஸ்திரியர் 1891-இல் செம்மைப்படுத்திய மேண்டில், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியம் ஆக்சைடு, ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு. நம் ஊர்த் தெருக்கூத்திலே கட்டியங்காரன் தலைக்குமேல் இரைந்துகொண்டிருந்த பெட்ரோமாக்ஸ் விளக்கு நினைவிருக்கிறதா? மின்சாரம் எட்டாத சிற்றூர்களிலே, வேட்டியை வரிந்துகட்டிய பேச்சாளர் சாதியைச் சாடிப் பேசிய மேடையிலே தொங்கியதும் அதுவே. அந்த வெண்ணிற வலைப்பை கரிந்து வெண்சாம்பலாகி ஒளிவிட்டதே, அந்த ஒளி தோரியத்தின் ஒளி. குமரியின் மணலை வெளிநாட்டுக்கு விற்று, மேண்டிலாக வாங்கி, கொளுத்தி, நம் முகத்தை நாமே பார்த்துக்கொண்டோம்.

மேண்டிலுக்காகத் தோரியத்தைப் பிரித்தபிறகு எஞ்சிய கழிவிலே இருந்தது மெசோதோரியம். அதைத்தான் ஒளிர்வர்ணத்தில் ரேடியத்தோடு கலந்தனர்.

1917. நியூசெர்சி மாநிலத்து ஆரஞ்சு நகரம். பின்னாளில் யுனைடெட் ஸ்டேட்ஸ் ரேடியம் கார்ப்பரேஷன் எனப் பெயர் பூண்ட நிறுவனம், கடிகார முகத்தில் எண் எழுத இளம்பெண்களை அமர்த்தியது. பதினான்கு, பதினைந்து வயதுச் சிறுமியரும் அவர்களிடையே உண்டு. எண் மெல்லிதாக விழவேண்டும். தூரிகையின் நுனி கூராக இருக்கவேண்டும். எப்படிக் கூராக்குவது? உதட்டில் வைத்துக் குவிக்கவேண்டும்; வர்ணத்தில் தோய்க்கவேண்டும்; எழுதவேண்டும்; மீண்டும் உதடு. "கெடுதி இல்லையே?" என்று கேட்டவர்களுக்கு, "இல்லை, கன்னத்துக்குச் சிவப்பேறும்" என்பது மறுமொழி. விளையாட்டாக அப்பெண்கள் நகத்திலும் பல்லிலும் பூசிக்கொண்டு இருளிலே சிரித்தனர். வேலை முடிந்து வீடு திரும்புகையில் ஆடையும் கூந்தலும் ஒளிர்ந்தன. அதே கட்டடத்திலே, ஆய்வகத்து வேதியியலார் அதே பொருளை ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று, இடுக்கியால் எடுத்துக்கொண்டிருந்தனர்! அறியாமையால் நேர்ந்த தீங்கு என்று எவரேனும் கூற முன்வந்தால், அந்த ஈயத் தடுப்பைக் காட்டினால் போதும்.

ரேடியத்தின் வேதிக்குணம் கால்சியத்தை ஒத்தது. உடல் அதைச் சுண்ணாம்பு என்று நம்பி எலும்பிலே கொண்டுபோய் வைத்துக்கொள்ளும். வைத்த இடத்தில் அது நாளெல்லாம் ஆல்பாத் துகளை வீசும். 1922-இல் மாலி மாக்கியா என்னும் பெண், பற்கள் உதிர்ந்து, தாடை சிதைந்து மாண்டாள். மேகநோய் என்று சான்றிதழில் எழுதினர். செத்தவள்மீது, அதுவும் ஏழைப் பெண்மீது, எந்த இழுக்கைச் சுமத்தினாலும் எழுந்து வந்தா மறுக்கப்போகிறாள்? ஆனால் மறுத்தாள்! 1927-இல் புதைகுழியைத் தோண்டி ஆராய்ந்தபோது, அவள் எலும்பே கதிர் வீசிச் சாட்சி கூறிற்று.

நிறுவனம் கைகட்டி இருக்கவில்லை. ஆர்வர்டு பல்கலைக்கழகத்துச் செசில் டிரிங்கரை 1924-இல் அழைத்து ஆராயச் சொன்னது. ரேடியமே காரணம் என்று அவர் எழுதிக் கொடுத்ததும், அதைப் பதுக்கிவிட்டு, தொழிலாளருக்குத் தீங்கேதுமில்லை என அவர் கூறியதாக மாநிலத் தொழிலாளர் துறைக்குத் திரித்து அனுப்பியது. உண்மையைப் பதுக்க ஓலைச்சுவடிதான் வேண்டுமென்பதில்லை, தட்டச்சுத் தாளும் உதவும். 1925-இல் ஆரிசன் மார்ட்லண்டு என்னும் மருத்துவர், அப்பெண்களின் உடலில் ரேடியமும் மெசோதோரியமும் இருப்பதை அளந்து நிலைநாட்டினார். வர்ணத்தை உருவாக்கிய சபின் ஃபான் சொகாக்கி 1928-இல் தானும் அந்நோய்க்கே இரையானார்.

கிரேஸ் ஃபிரையர் என்னும் பெண், வழக்கை ஏற்க ஒரு வழக்கறிஞரைத் தேடியே ஈராண்டு அலைந்தாள். 1927-இல் இரேமண்டு பெர்ரி ஏற்றார். அவளோடு சேர்ந்தவர் நால்வர். அவர்களில் இருவர் மாலியின் உடன்பிறந்தோர். எழுந்து நிற்க இயலாமல், உறுதிமொழிக்குக் கையுயர்த்தவும் இயலாமல் வழக்குமன்றத்தில் அமர்ந்திருந்தனர் சிலர். வேலையை விட்டு ஈராண்டு கடந்துவிட்டது, சட்டத்தில் இடமில்லை என்று வாதாடியது நிறுவனம். நஞ்சு எலும்பில் வேலைசெய்ய ஐந்தாண்டு எடுத்துக்கொள்ளும். சட்டமோ இரண்டாண்டுதான் பொறுத்திருக்கும்! 1928 சூன் திங்களில் இணக்கம் ஏற்பட்டது: ஒவ்வொருவருக்கும் பத்தாயிரம் டாலர், உயிருள்ளவரை ஆண்டுக்கு அறுநூறு டாலர், மருத்துவச் செலவு. ஐவரும் நெடுநாள் வாழப்போவதில்லை என்பது கணக்கிட்டவர்களுக்குத் தெரியும். கிரேஸ் ஃபிரையர் 1933-இல் மாண்டாள். அடுத்த ஆண்டு மேரி கியூரியும், எலும்புமச்சை வற்றி மாண்டார்.

1941-இல், மனித உடல் எவ்வளவு ரேடியத்தைத் தாங்கும் என்பதற்கு அமெரிக்க அரசின் அளவைக்கூடம் முதன்முதலாக ஒரு வரம்பு வகுத்தது: மைக்ரோகியூரியில் பத்திலொரு பங்கு. அந்த எண் எங்கிருந்து வந்தது? கடிகார முகத்தில் எண் எழுதிய பெண்களின் எலும்பிலிருந்து. இரோசிமாக் குண்டைச் செய்த ஆலைகளிலே பணியாற்றியோர்க்கு அவ்வரம்பு காப்பாக அமைந்தது. ஒரே ஒரு கடிகார எண்ணுக்கும் அந்த 8 மணி 15 நிமிடத்துக்கும் இடையே இப்படியும் ஒரு பாதை கிடக்கிறது.

சரி, கதிர் கடிகாரத்தை ஒன்றும் செய்யாது என்றேனே. ஒன்று செய்கிறது, அதையும் கூறிவிடவேண்டும். ரேடியம்-226 பாதியாகக் குறைய 1600 ஆண்டு ஆகும். ஆனால் அதனோடு குழைத்த துத்தநாகச் சல்பைடு, இடைவிடாத அடி தாங்காமல் சில பத்தாண்டுகளில் செத்துவிடும். ஆகவேதான் பழைய கடிகாரம் இருளில் ஒளிர்வதில்லை. ஒளி போய்விட்டது, கதிர் போகவில்லை. பசை பொடியாகிறது, எண் உதிர்கிறது. ஓடாமல் நின்ற கடிகாரத்திலே முள் எந்த இடத்தில் நெடுநாள் தங்கியதோ, அந்த இடத்தில் டயலின்மேல் பழுப்பு நிழலாக ஒரு தழும்பு விழும். கீழ்பென்னாத்தூரிலே நான் பார்த்த முகத்திலும் இருந்தது அத்தழும்பு.

இன்று செய்யப்படும் கடிகாரங்களில் ரேடியம் இல்லை. புரோமீத்தியம் வந்தது, டிரிட்டியம் வந்தது. 1993-இல் ஜப்பானியர் கண்ட ஸ்டிரான்சியம் அலுமினேட், கதிரே இல்லாமல் பகல் ஒளியைக் குடித்து இரவில் உமிழ்கிறது. நம் ஊர்களிலே இருசக்கர வண்டிக்கு எண்ணும் பெயரும் ஒட்டும் கடையை 'ரேடியம் ஸ்டிக்கர்' கடை என்கிறோம். அதிலே கடுகளவும் ரேடியம் கிடையாது. வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் வெறும் தாள். ரேடியம் இருந்த இடத்தில் அதன் பெயரை எவரும் எழுதவில்லை. இல்லாத இடத்தில் பலகை மாட்டியிருக்கிறோம்!

பெரியவரிடம் இவ்வளவையும் அன்று கூறவில்லை. செஞ்சிப் பேருந்து வருவதற்குள் கூறக்கூடியதைக் கூறினேன். மூடிய கண்ணாடிக்குள் இருக்கும்வரை ஆல்பாத் துகள் வெளிவராது. மணிக்கட்டில் கட்டினால் உடனே சாவதற்கில்லை. திறந்து, சுரண்டி, ஊதி, அந்தத் தூளை மூச்சோடு இழுப்பதிலேதான் கேடு. எண்ணெய் மாற்றுங்கள், சக்கரத்தைக் கழுவுங்கள், டயலை மட்டும் தொடாதீர்கள் என்றேன். ஈரத்துணியால் தட்டைத் துடைத்து, துணியை ஓர் உறையிலிட்டுக் கட்டினார். இளைஞர், எண் உதிர்ந்தபடியே இருக்கட்டும், ஓடினால் போதும் என்றார்.

சக்கரங்களைக் கழற்றிக் கிண்ணத்திலிட்ட பெரியவர், கைவேலையை நிறுத்திவிட்டு, மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். உள்ளே பழைய டயல்கள், முப்பதோ நாற்பதோ. பலவற்றில் எண்கள் சுரண்டப்பட்டிருந்தன. "பதினாறு வயதில் இந்தத் தொழிலுக்கு வந்தேன் ஐயா. சுரண்டிச் சுரண்டி, ஊதி ஊதித்தான் வர்ணம் அடித்திருக்கிறேன். இதிலே எதெதெல்லாம் அந்த மாதிரி?" என்று கேட்டார்.